கோடு ஏன் இப்படி விழுகிறது? தோட்டக் கணக்குக்கு நேர்கோடு பொருத்தும்போது வரும் கோளாறுகள்

மலேசியாவின் பெஸ்தாரி ஜெயாவில் (நாங்கள் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றுதான் சொல்கிறோம்) எக்செல் தெரிந்தவர் என்று பெயர் வாங்கிவிட்டால் இரண்டு வகை ஆட்கள் தேடி வருவார்கள். ஒருவர் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்ட ஆபீஸ் கிராணி, அதாவது எழுத்தர். மழைக்கும் குலைக்கும் என்ன தொடர்பு என்று மேனேஜர் கிராஃப் கேட்டிருப்பார். மற்றவர் பல்கலைக்கழகப் பிள்ளை. புராஜெக்ட் ஒப்படைக்க இரண்டு நாள்தான் இருக்கும். இரண்டு பேர் கையிலும் அதே மாதிரி ஷீட், அதன் மேல் ஒரு கோடு, கூடவே “அண்ணே, கோடு சரியா வரல.”

மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917இல் இந்த வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான் போடப்பட்டது. நூறு வருஷத்துக்கு மேலாகக் குலை நிறுக்கிற ஊரில் எண்ணுக்குப் பஞ்சம் இல்லை. அந்த எண் ஷீட்டுக்குள் எந்தக் கோலத்தில் வந்து உட்காருகிறது என்பதில்தான் முக்கால்வாசிக் கோளாறு. கீழே கோளாறு எப்படிக் கண்ணில் படுமோ அப்படியே தலைப்பு போட்டிருக்கிறேன். உங்களுடையதைத் தேடிப் படித்தால் போதும். எக்செல், லிப்ரே ஆஃபிஸ் கால்க், ஆர் (கட்டளை எழுதி ஓட்டும் புள்ளியியல் மென்பொருள்) மூன்றையும் தொட்டுப் போகிறேன். கட்டளைப் பெயர்களை வாயால் சொல்கிறபடி எழுதியிருக்கிறேன்.

உதாரணத்துக்கு ஒரு ஷீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிளாக் (தோட்டத்தின் ஒரு பகுதி), 36 மாதம், மூன்று பத்தி: மாதம், மழை மில்லிமீட்டரில், ஹெக்டேருக்கு எத்தனை டன் குலை.

எந்தக் கோளாறானாலும் முதல் வேலை ஒன்றுதான். கோட்டை அழித்துவிட்டு வெறும் புள்ளிகளை மட்டும் வரைந்து பாருங்கள். ஒவ்வொரு புள்ளியும் கோட்டிலிருந்து செங்குத்தாக எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, அந்த விலகல்களின் வர்க்கங்களைக் கூட்டி, கூட்டுத்தொகை மிகக் குறைவாக வரும் கோட்டைத் தேர்ந்தெடுப்பதுதான் நேர்கோடு பொருத்தும் முறை. பிரெஞ்சுக் கணிதவியலாளர் லெஜாந்தர் 1805இல் அச்சிட்டு வெளியிட்டது. இன்றைக்கும் மென்பொருள் செய்வது அதையேதான். புள்ளிகள் வட்டமாக நின்றாலும் யானை உருவத்தில் நின்றாலும் அது மறுபேச்சில்லாமல் ஒரு கோடு போட்டுக் கொடுக்கும்.

சார்ட்டில் இருக்கும் சமன்பாடு ஒன்று சொல்கிறது, ஸ்லோப் ஃபார்முலா வேறொன்று சொல்கிறது

எக்செல்லில் அதிகம் பார்க்கிற கோளாறு இது. காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலில் சார்ட் வகையைப் பாருங்கள். ‘லைன்’ சார்ட் போட்டிருந்தால் எக்செல் உங்கள் மழை எண்களை எண்களாகவே எடுத்துக்கொள்ளாது. அவற்றை வெறும் பெயர்ச்சீட்டாக வைத்துக்கொண்டு 1, 2, 3 என்று தானே வரிசை எண் கொடுத்து, அதன் மேல் டிரெண்ட்லைனைப் பொருத்திவிடும். 40 மில்லிமீட்டருக்கும் 400 மில்லிமீட்டருக்கும் நடுவே ஒரே ஓர் அடிதான் இடைவெளி என்று ஆகிவிடும். சார்ட் வகையை ‘ஸ்கேட்டர்’ ஆக்குங்கள். இரு எண்களுக்கு இடையே கோடு பொருத்த லைன் சார்ட்டைத் தொடவே வேண்டாம்.

ஸ்கேட்டர்தான் என்றால் ஃபார்முலாவின் உள்ளே பாருங்கள். சாய்வை (மழை ஓர் அலகு கூடினால் டன் எவ்வளவு மாறும் என்பதை) கணக்கிடும் ஸ்லோப் ஃபார்முலா முதலில் கேட்பது விளைவை, அதாவது டன். அடுத்துத்தான் மழை. பள்ளியில் எக்ஸ், ஒய் என்று படித்த கை தானாக மழையை முதலில் போட்டுவிடுகிறது. மாற்றிப் போட்டால் பிழைச் செய்தி எதுவும் வராது, மழையைக் குலையிலிருந்து கணிக்கிற வேறொரு கோடு வரும். சோதித்துப் பார்க்க ஒரு வழி: இரண்டு விதமாகவும் சாய்வு எடுத்துப் பெருக்குங்கள். பெருக்குத்தொகை ஆர்-ஸ்கொயருக்கு (கோடு புள்ளிகளோடு எவ்வளவு ஒட்டுகிறது என்று 0 முதல் 1 வரை சொல்லும் எண்) சமமாக இருக்கும். ஆர்-ஸ்கொயர் 1 ஆக இருந்தால் தவிர, ஒன்றைத் தலைகீழாக்கினால் மற்றது வராது.

மூன்றாவது ஃபில்டர். ஷீட்டில் சில வரிசைகளை மறைத்து வைத்திருந்தால் சார்ட் அவற்றை விட்டுவிடும், ஸ்லோப் ஃபார்முலா சேர்த்துக்கொள்ளும். “நான் எதையும் மறைக்கலையே” என்பார்கள். இடதுபக்க வரிசை எண்களைப் பாருங்கள், 14க்குப் பிறகு 19 இருக்கும்.

சமன்பாட்டில் எண்ணைப் போட்டுப் பார்த்தால் விடை எங்கோ போகிறது

கோடு படத்தில் புள்ளிகளின் நடுவே அழகாகப் போகிறது. சமன்பாட்டை எடுத்துக் கால்குலேட்டரில் போட்டால் ஹெக்டேருக்கு மூன்றரை டன் என்கிறது. கிடைமட்ட அச்சில் தேதி இருந்தால் அநேகமாகக் காரணம் இதுதான்.

எக்செல் தேதியை ஓர் எண்ணாகத்தான் வைத்திருக்கிறது. 1900 ஜனவரி 1 அதற்கு 1. 2024 ஜனவரி 1 அதற்கு 45292. சார்ட்டில் எழுதியிருக்கும் சாய்வு 0.0034, உள்ளே உண்மையில் இருப்பது 0.00344 என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டுப்போன 0.00004ஐ 45292ஆல் பெருக்கினால் 1.81 டன். எழுதிக் காட்டும்போது சுருக்கினதில் மட்டும் இவ்வளவு ஓடிப்போகிறது.

சமன்பாட்டுப் பெட்டியை வலது கிளிக் செய்து தசம இடங்களைக் கூட்டலாம். அதைவிட நல்லது ஸ்லோப், இன்டர்செப்ட் ஃபார்முலாக்களை ஒரு கட்டத்தில் போட்டு அங்கிருந்து நேராகக் கணக்குப் பண்ணுவது. எல்லாவற்றையும்விட நல்லது தேதியை விட்டுவிட்டு முதல் மாதத்துக்கு 0, அடுத்ததற்கு 1 என்று புதுப் பத்தி போடுவது. அப்போது வெட்டு (இன்டர்செப்ட், கிடைமட்ட மதிப்பு 0 ஆகும்போது கோடு காட்டும் எண்) என்பது தொடக்க மாதத்தின் மதிப்பாகிவிடும். மேனேஜரிடம் வாய்விட்டுச் சொல்லக்கூடிய எண். தேதியை அப்படியே வைத்தால் அந்த வெட்டு 1900ஆம் வருஷத்தில் போய் நிற்கும். அன்றைக்குத் தென்னமரத்தில் ஒரு செம்பனைகூடக் கிடையாது.

ஆரில் ஒரே ஒரு சாய்வு வரவேண்டிய இடத்தில் முப்பது வரி வருகிறது

கோடு பொருத்தும் எல்எம் கட்டளையை ஓட்டியதும் திரை முழுக்க ‘மழை112’, ‘மழை118.5’, ‘மழை13’ என்று ஒவ்வொரு மழை அளவுக்கும் ஒரு வரி. மென்பொருள் கெட்டுவிட்டதோ என்று பயப்படுவார்கள். மழைப் பத்தியில் எங்கோ ஒரே ஒரு கட்டத்தில் எழுத்து இருக்கிறது, அவ்வளவுதான். ஒரு கட்டம் எழுத்தானால் ஆர் பத்தி முழுவதையும் எழுத்தாக எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மதிப்பையும் தனி வகையாக நினைத்துக்கொள்ளும். எஸ்டிஆர் கட்டளை கொடுத்துப் பாருங்கள். மழைக்கு நேரே ‘நம்’ (எண்) என்று வரவேண்டிய இடத்தில் ‘சிஎச்ஆர்’ (எழுத்து) என்று இருக்கும்.

குற்றவாளிக் கட்டத்தைப் பிடிக்க எக்செல்லிலேயே பக்கத்துப் பத்தியில் இஸ்நம்பர் ஃபார்முலாவை இழுத்துவிடுங்கள். ‘ஃபால்ஸ்’ வருகிற இடம் அதுதான். நம் ஊர் ஷீட்டுகளில் வழக்கமாகச் சிக்குபவை: மழைமானி உடைந்த மாதத்துக்குக் கிராணி போட்ட கோடு, ‘ரோசாக்’ (மலாயில் ‘பழுது’) என்ற சொல், எண்ணோடு ஒட்டிய ‘மிமீ’, காற்புள்ளி போட்ட 1,250. கண்ணுக்கே தெரியாதது ஒன்றும் உண்டு. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த எண்ணின் வாலில் ஒட்டி வரும் உடையா இடைவெளி. டிரிம் ஃபார்முலா சாதாரண இடைவெளியைத்தான் எடுக்கும், இதைத் தொடாது. 160ஆம் எழுத்தைத் தேடி வெற்றாக மாற்றும்படி சப்ஸ்டிட்யூட் ஃபார்முலா போடவேண்டும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. எழுத்துப் பத்தியை எண்ணாக மாற்ற ஆரில் ஆஸ்.நியூமெரிக் கொடுப்பார்கள். பத்தி ‘ஃபேக்டர்’ (மதிப்புகளை வகைகளாக வைத்திருக்கும் பத்தி) ஆக இருந்தால் உங்கள் மழை அளவு வராது, அந்த வகையின் உள் வரிசை எண் வரும்: 1, 2, 3. பிழைச் செய்தி கிடையாது, கோடும் வரும், எல்லாம் பொய். முதலில் ஆஸ்.கேரக்டர், அதன் மேல் ஆஸ்.நியூமெரிக். 2020இல் வந்த 4.0.0 பதிப்பிலிருந்து ஆர் எழுத்துப் பத்திகளைத் தானாக ஃபேக்டர் ஆக்குவதில்லை. ஆய்வுக்கூடக் கணினியில் பழைய பதிப்பு கிடந்தால் இந்தப் பொறி இன்னும் வாய் பிளந்துதான் இருக்கும்.

தேதிப் பத்தியில் பாதி இடப்பக்கம், பாதி வலப்பக்கம் ஒட்டியிருக்கிறது

ஆலையின் நிறுவைச் சீட்டுகளை நாள்வாரியாக ஏற்றினவர்களுக்கு இது வரும். கணினி அமெரிக்க அமைப்பில் இருக்கிறது. நாம் எழுதுவது நாள்/மாதம், அது படிப்பது மாதம்/நாள். 13/04 அதற்குப் புரியாது, எழுத்தாக விட்டுவிடும், அதனால் இடப்பக்கம். 03/04 புரிந்துவிடும், ஆனால் மார்ச் 4 என்று. வலப்பக்கம் ஒழுங்காக நிற்பவைதான் தவறானவை! இடப்பக்கத்தை மட்டும் கையால் திருத்திவிட்டு நிம்மதியாகப் போகாதீர்கள். மூலக் கோப்பைத் திரும்ப ஏற்றுங்கள். ஏற்றும் கட்டத்திலேயே அந்தப் பத்திக்கு ‘நாள்-மாதம்-வருஷம்’ என்று தேர்ந்தெடுங்கள். எக்செல், கால்க் இரண்டிலும் அந்தத் தேர்வு இருக்கிறது.

கோடே தெரியவில்லை, அல்லது நேர்கோடு கேட்டால் வளைகோடு வருகிறது

ஆரில் கோடு வரையும் ஏபிலைன் கட்டளை கொடுத்தும் கோடு வராவிட்டால் அது படத்துக்கு வெளியே விழுந்திருக்கும். படம் வரையும்போது டன் கிடைமட்டத்திலும் மழை செங்குத்திலும் போய்விட்டது, எல்எம் அதற்கு நேர்மாறு. இரண்டிலும் ஒரே அலைக்குறி (~) வாக்கியத்தைப் பயன்படுத்துங்கள், இடப்பக்கம் டன், வலப்பக்கம் மழை. வளைகோடு வருவது ஆரின் படம் வரையும் தொகுப்பான ஜிஜிபிளாட்டில். ஜியோம்_ஸ்மூத், 1000க்குக் குறைவான புள்ளிகளுக்குத் தானாகவே ‘லோயெஸ்’ வளைவைப் போடும். முறை எல்எம் என்று நீங்கள் எழுதிக் கொடுக்கவேண்டும்.

36 மாதம் கொடுத்தேன், 31தான் கணக்கில் வந்திருக்கிறது

ஆர் வெற்றுக் கட்டம் உள்ள வரிசைகளைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். முடிவைச் சுருக்கிக் காட்டும் சம்மரியின் அடிப்பகுதியில் ஒரு வரி மட்டும் எழுதிவைக்கும். எக்செல்லில் ஸ்லோப்பும் அப்படித்தான் தாண்டிப் போகும். கோடு பொருத்தும் இன்னொரு ஃபார்முலாவான லின்எஸ்ட் தாண்டாது, ‘வேல்யூ’ பிழை கொடுத்து நின்றுவிடும். லின்எஸ்ட்தான் நேர்மையானது என்பேன்.

இதற்குப் பயந்து சிலர் வெற்றிடத்தில் 0 போட்டு நிரப்புகிறார்கள். அது வேறு கதை ஆகிவிடும். மழை 0 என்றால் சொட்டு மழை இல்லை என்று பொருள். அளக்கவில்லை என்பதற்கு வெற்றுக் கட்டம்தான் சரி. படத்தில் இடது ஓரமாகப் புள்ளிகள் செங்குத்தாக அடுக்கி நின்றால் யாரோ இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

அடுத்த 12 மாதத்துக்குக் கணிப்புக் கேட்டால் பழைய 36 மாதமே திரும்ப வருகிறது

ஆரில் பிரெடிக்ட் கொடுத்ததும் ‘நியூடேட்டாவில் 12 வரிசை, மாறிகளில் 36 வரிசை’ என்று எச்சரிக்கை. எல்எம்முக்குள் ஷீட்டின் பெயர், டாலர் குறி, பத்தியின் பெயர் என்று எழுதியிருப்பீர்கள். அதை எடுத்துவிட்டுப் பத்தியின் பெயரை மட்டும் எழுதி, ஷீட்டை ‘டேட்டா’ என்ற இடத்தில் கொடுங்கள். புது ஷீட்டிலும் பத்தியின் பெயர் எழுத்துப் பிசகாமல் அதுவே இருக்கவேண்டும்.

சாய்வுக்கு நேரே ‘என்ஏ’ என்று இருக்கிறது

ஒரே விஷயத்தை இரண்டு பத்தியாகக் கொடுத்துவிட்டீர்கள். மழை மில்லிமீட்டரிலும் அங்குலத்திலும், உரம் கிலோவிலும் மூட்டையிலும். ஒன்றை எடுத்துவிடுங்கள்.

ஆர்-ஸ்கொயர் 0.99 வந்துவிட்டது!

சந்தோஷப்படுவதற்கு முன் ‘வெட்டு 0’ என்ற பெட்டியில் டிக் விழுந்திருக்கிறதா பாருங்கள். ஆரில் என்றால் அலைக்குறிக்குப் பின் ‘0 +’ அல்லது ‘-1’.

விளக்கத்துக்காக நானே போட்ட ஐந்து மாதம்: மழை 180, 220, 200, 210, 190. டன் 1.6, 1.5, 1.5, 1.6, 1.5. இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. வழக்கமான கோடு போட்டால் ஆர்-ஸ்கொயர் 0.083. வெட்டை 0 என்று கட்டிப்போட்டு ஆரில் ஓட்டினால் 0.993. நீங்களே தட்டிப் பாருங்கள். வழக்கமான ஆர்-ஸ்கொயர், வெறும் சராசரியைச் சொல்வதைவிட உங்கள் கோடு எவ்வளவு தேவலாம் என்று அளக்கிறது. வெட்டை எடுத்துவிட்டால் சராசரிக்குப் பதில் ‘எல்லா மாதமும் 0 டன்’ என்ற ஊகத்தோடு ஒப்பிடுகிறது. அந்த ஊகத்தை எந்தக் கோடும் ஜெயித்துவிடும். இரண்டு ஆர்-ஸ்கொயரையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதற்கே இடமில்லை. மழை இல்லாத மாதத்திலும் குலை வெட்டத்தான் செய்கிறார்கள். ஆகவே இந்தக் கணக்கில் வெட்டை 0 ஆக்க எந்த நியாயமும் கிடையாது.

ஒரே ஒரு புள்ளி கோட்டைத் தன் பக்கம் இழுக்கிறது

ஆரில் எல்எம் முடிவை பிளாட் செய்தால் நான்கு படம் வரும். நான்காவதில் குக் தூரக் கோடுகள் (ஒரு புள்ளி கோட்டை எவ்வளவு இழுக்கிறது என்பதற்கான எல்லைகள்) இருக்கும். அதற்கு வெளியே நிற்கிற புள்ளியின் வரிசை எண்ணையும் எழுதிக் காட்டும். எக்செல் என்றால் படத்திலேயே கண்ணால் தெரியும். அந்த வரிசைக்குப் போய் மூலச் சீட்டைப் பாருங்கள். 1.25 என்பதை 12.5 என்று தட்டியிருந்தால் திருத்துங்கள், கதை முடிந்தது.

சீட்டிலும் அதே எண் இருந்தால் கையை வைக்காதீர்கள். எல் நினோ வறட்சிக்குப் பின் மலேசியாவின் சராசரிக் குலை விளைச்சல் 2015இல் ஹெக்டேருக்கு 18.48 டன்னாக இருந்தது 2016இல் 15.91 டன்னாக இறங்கியது என்று மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியம் கணக்குக் காட்டியது. “இந்த வருஷம் கிராஃபைக் கெடுக்குது, தூக்கிடலாமா?” என்று கேட்பவர்களுக்கு என் பதில்: மழைக்கும் விளைச்சலுக்கும் தொடர்பு தேடுகிறவர் வறட்சி வருஷத்தைத் தூக்கினால் பிறகு எதை வைத்துத் தேடுவார்? கோட்டை அந்தப் புள்ளியோடு ஒரு முறை, இல்லாமல் ஒரு முறை போட்டு இரண்டையும் எழுதுங்கள்.

எல்லாம் சரி, ஆனால் மழை கூடினால் குலை குறையும் என்கிறது

கிராணிகள் இதைக் கொண்டுவந்து காட்டும்போது சிரித்துக்கொண்டே காட்டுவார்கள், மென்பொருளை மடக்கிவிட்ட மாதிரி. மென்பொருள் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். அடைமழை மாதத்தில் லாரி உள்ளே போகாது, வெட்டின குலை ரோட்டோரம் கிடக்கும், வெட்டாத குலை அடுத்த மாதக் கணக்கில் ஏறும். அந்த மாத மழை அந்த மாதக் குலையைக் குறைத்துக் காட்டத்தான் செய்யும். தீபாவளி, ஹரிராயா விழுகிற மாதங்களில் ஆள் குறைந்து வெட்டுச் சுற்று தள்ளிப்போவதும் இதே ஷீட்டில்தான் கலந்திருக்கிறது.

மரத்துக்கு மழை செய்கிற நன்மை உடனே தெரியாது. மகரந்தம் சேர்ந்த பூங்கொத்து பழுத்த குலையாக ஐந்தாறு மாதம் பிடிக்கும். அது ஆண் பூவா பெண் பூவா என்று தீர்மானமாவதோ வெட்டுவதற்குச் சுமார் இரண்டு வருஷத்துக்கு முன்னால். ஆகவே மழைப் பத்தியைக் கீழே தள்ளி, 6 மாதம் முந்திய மழை, 24 மாதம் முந்திய மழை என்று புதுப் பத்திகள் போட்டுப் பாருங்கள். தள்ளும்போது வரிசை குறையும். 36 மாத ஷீட்டில் 24 தள்ளினால் கையில் 12 புள்ளிதான். பழைய மழைப் பதிவேட்டைத் தூசி தட்டவேண்டி வரும்.

ஆனால் 0 முதல் 30 வரை ஒவ்வொரு மாதமாகத் தள்ளிப் பார்த்து, எதில் பீ மதிப்பு (தொடர்பே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு முடிவு வர எவ்வளவு வாய்ப்பு என்ற எண்) 0.05க்குக் கீழே வருகிறதோ அதை எடுத்து ரிப்போர்ட்டில் போடாதீர்கள். தொடர்பே இல்லாத எண்களிலும் இருபதில் ஒன்று அப்படி வந்து விழும். முப்பது முறை தேடினவருக்கு ஏதாவது ஒன்று கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம். எந்தத் தாமதம் என்பதை மரத்தின் இயல்பை வைத்து முதலிலேயே முடிவு செய்துகொண்டு பிறகு ஓட்டுங்கள்.

உரக் கணக்கில் இதே தலைகீழ் வேறொரு வழியாக வரும். எல்லா பிளாக்கையும் ஒன்றாகக் கொட்டி மரத்துக்கு எத்தனை கிலோ உரம், எத்தனை டன் குலை என்று கோடு போட்டால் ‘உரம் போடப் போட விளைச்சல் குறையும்’ என்று வரலாம். நோஞ்சான் பிளாக்குக்குத்தான் கூடுதல் உரம் எழுதிக் கொடுத்திருப்பார்கள். புள்ளிகளுக்கு பிளாக் வாரியாக நிறம் கொடுங்கள். ஒவ்வொரு நிறமும் தனியாக மேலே ஏறினால் ஆரில் பிளாக்கை இன்னொரு மாறியாகச் சேருங்கள். பிளாக்கின் பெயர் 1, 2, 3 என்று எண்ணாக இருந்தால் ஃபேக்டர் ஆக்கிவிட்டுச் சேருங்கள். இல்லாவிட்டால் 3ஆம் பிளாக் 1ஆம் பிளாக்கைப் போல் மூன்று மடங்கு என்று கணக்குப் போட்டுவிடும்.

ஆர்-ஸ்கொயர் பரவாயில்லை, ஆனால் எச்சங்கள் (புள்ளிகள் கோட்டிலிருந்து விலகும் அளவுகள்) வானவில் மாதிரி வளைகின்றன

விஷயமே நேர்கோடு இல்லை. மரத்தின் வயதுக்கும் விளைச்சலுக்கும் கோடு போட்டவர்களுக்கு இது கட்டாயம் வரும். நட்டு இரண்டரை மூன்று வருஷத்தில் காய்க்கத் தொடங்கி, ஏறி, பத்து வயதை ஒட்டி உச்சியில் இருந்து, மெல்ல இறங்கி, 25 வயதுவாக்கில் மறுநடவுக்குப் போகிற மரம் அது. இளம் வயதுப் பகுதியை மட்டும் தனியாக எடுத்தால் நேர்கோடு தாங்கும். முழுவதற்கும் வயதின் வர்க்கத்தையும் ஒரு மாறியாகச் சேர்க்கவேண்டும். ஆர்-ஸ்கொயரை மட்டும் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. புள்ளியியலாளர் அன்ஸ்கோம் 1973இல் பதினொரு புள்ளி கொண்ட நான்கு தொகுப்புகளை வெளியிட்டார். நான்குக்கும் சாய்வு 0.5, வெட்டு 3, ஆர்-ஸ்கொயர் 0.67. படம் போட்டால் ஒன்று ஒழுங்கான சிதறல், ஒன்று வில், ஒன்றில் ஒரே புள்ளி விலகி நிற்கிறது, ஒன்றில் ஒரே புள்ளிதான் சாய்வையே உண்டாக்குகிறது. ஆருக்குள்ளேயே ‘அன்ஸ்கோம்’ என்ற பெயரில் இருக்கிறது, வரைந்து பாருங்கள்.

சாய்வு 8.3இ-05 என்று வருகிறது

8.3 என்று மட்டும் ரிப்போர்ட்டில் எழுதினவர்கள் உண்டு. அது 0.000083. புள்ளியை ஐந்து இடம் இடப்பக்கம் நகர்த்தவேண்டும். வாசிக்க வசதியாக வேண்டுமானால் அலகை மாற்றுங்கள். மழையை 100 மில்லிமீட்டர் கணக்கில் போட்டால் சாய்வு நூறு மடங்காகும், டன்னைக் கிலோவாக்கினால் இன்னும் ஆயிரம் மடங்கு. அப்போது அதே கோடு ‘100 மில்லிமீட்டர் மழைக்கு ஹெக்டேருக்கு 8.3 கிலோ’ என்று நிற்கும். ஆர்-ஸ்கொயரும் பீ மதிப்பும் மாறாது. அச்சின் அலகைப் படத்திலும் மாற்றி எழுத மறக்காதீர்கள்.